அறுவைக்குப் பின் வரும் காய்ச்சல்: நாளும் துணையும்

ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை முடிந்து தேறிவரும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். அறுவை நடந்த எத்தனையாவது நாளில் வந்தது? கூடவே வேறு என்ன வந்தது? இந்த இரண்டும் தெளிவானால் காய்ச்சலின் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். முதல் நாள் இரவில் அடிக்கும் 101 டிகிரியும் ஏழாம் நாளில் அடிக்கும் 101 டிகிரியும் தெர்மாமீட்டரில் ஒரே எண்தான். உடம்புக்குள் நடப்பது வேறு வேறு.

ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை, பேச்சு வழக்கில் பிளாஸ்டிக் சர்ஜரி, அழகுக்காகச் செய்வது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இந்தத் துறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் விபத்தில் தோலும் சதையும் இழந்தவர்கள், தீக்காயம் பட்டவர்கள், இயந்திரத்தில் கை சிக்கியவர்கள், உதட்டுப் பிளவோடும் அன்னப் பிளவோடும் பிறந்த குழந்தைகள், ஆறாத சர்க்கரைப் புண் உள்ளவர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை மற்றும் ஒட்டுறுப்பு அறுவைத் துறையும், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவும் இத்தகைய நோயாளிகளுக்காகவே பெயர் பெற்றவை.

புதுக்கோட்டை மாவட்டத்தில், மூவர் கோயில் இருக்கும் கொடும்பாளூரை ஒட்டித் திருச்சி–மதுரை தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. இந்தச் சாலையில் இருசக்கர வாகனம் சறுக்கிக் கால் தோல் உரிந்தவருக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டுமானால், அந்த அறுவை திருச்சியிலோ மதுரையிலோ வேறு பெரிய ஊரிலோதான் நடக்கும். சில நாளில் அவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார். அறுவை செய்த மருத்துவர் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்; காய்ச்சல் நள்ளிரவில் வீட்டில் வருகிறது. பொறுக்கலாமா, வண்டி பிடிக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள்தான். அந்த முடிவுக்கு உதவும் செய்திகள் இங்கே வரிசையாகத் தரப்படுகின்றன.

எது காய்ச்சல்

மனித உடலின் இயல்பான வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37 டிகிரி செல்சியஸ் என்ற அளவைப் பரவலாக்கியவர் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வுண்டர்லிக். அவருடைய நூல் 1868-இல் வெளிவந்தது. இந்த எண் ஒரு சராசரிதான். விடியற்காலையில் உடம்பு சற்றுக் குளிர்ந்தும் மாலையில் ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடியும் இருப்பது இயல்பு. அறுவைக்குப் பின் 100.4 டிகிரியை, அதாவது 38 செல்சியஸைத் தாண்டினால் காய்ச்சல் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போதாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்க வேண்டும். காப்பியோ கஞ்சியோ சூடாகக் குடித்தவுடன் வாயில் வைத்துப் பார்த்தால் எண் கூடுதலாகக் காட்டும். அரைமணி நேரம் கழித்தே பார்க்க வேண்டும். அக்குளில் வைத்தால் வியர்வையைத் துடைத்துவிட்டு, கையை உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். அக்குள் அளவு வாயில் காட்டும் அளவைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பார்ப்பதும், எங்கே வைத்துப் பார்த்தது என்று குறிப்பதும் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் படுத்திருப்பவரின் உடம்பு சும்மாவே சுடும். அவரைக் காற்றோட்டமான நிழலுக்கு மாற்றித் தண்ணீர் கொடுத்து, அரைமணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தால் அது வெயிலின் சூடா, உள்ளிருந்து வரும் காய்ச்சலா என்று ஓரளவு விளங்கும்.

ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், அளவு, கொடுத்த மாத்திரை ஆகிய நான்கையும் எழுதி வைத்தால், மறுநாள் பார்க்கும் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கிருமி இல்லாமலும் காய்ச்சல் வரும்

அறுவை என்பது உடம்பின் கணக்கில் ஒரு காயம். தோலை வெட்டும்போதும் திசுவைப் பிரிக்கும்போதும் அங்குள்ள செல்கள் இன்டர்லூக்கின் போன்ற வேதிப்பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை எட்டி, அங்கே புரோஸ்டகிளாண்டின் சுரப்பைத் தூண்டுகின்றன. உடலின் வெப்ப நிலை அதனால் மேலே ஏற்றி வைக்கப்படுகிறது. கிருமி எதுவும் இல்லாமலே உடம்பு சுடுவது இதனால்தான். வெட்டு எவ்வளவு பெரிதோ, அறுவை எவ்வளவு நேரம் நீண்டதோ, இந்தக் காய்ச்சலும் அவ்வளவு வர வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகத் தணிந்துவிடும்.

முதல் நாள் காய்ச்சலுக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போவதே காரணம் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகளில் இந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. ஆனாலும் மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர் நன்றாக மூச்சை இழுத்து விடுவதும், இருமிச் சளியை வெளியேற்றுவதும், சீக்கிரம் எழுந்து உட்காருவதும் நிமோனியா வராமல் தடுக்க உதவும்.

நாள் சொல்லும் செய்தி

முதல் இரண்டு நாள். இந்த நேரத்துக் காய்ச்சல் பெரும்பாலும் மேலே சொன்ன வகைதான். நோயாளி தெளிவாகப் பேசி, தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, வலியும் நேரத்துக்கு நேரம் குறைந்துவந்தால் பயப்பட வேண்டியதில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குளோஸ்டிரிடியம் ஆகிய கிருமிகள் புகுந்தால் முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே காயம் கெட்டுவிடலாம். பார்வைக்குத் தெரியும் காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, வேகமாகப் பரவும் வீக்கம், கருநீலமாக மாறும் தோல், கொப்புளம், தொட்டால் நறநறவென்ற உணர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். திசுவையே அழுகவைக்கும் தொற்று இது. மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

மூன்று முதல் ஐந்து நாள். சிறுநீர்க் குழாய் வைத்திருந்தவருக்குச் சிறுநீர்த் தொற்று வரலாம். எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று வலி கூட இருக்கும். சளியோடு இருமல், மூச்சு வாங்குதல் இருந்தால் நிமோனியாவை நினைக்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றிய ஊசி இருந்த இடம் சிவந்து, நரம்பு கயிறுபோலத் தடித்து வலித்தால் காய்ச்சல் அங்கிருந்தே வரலாம்.

ஐந்து முதல் பத்து நாள். அறுவைக் காயத்தில் தொற்று தலைகாட்டும் காலம் பெரும்பாலும் இதுதான். அதுவரை குறைந்துகொண்டு வந்த வலி திரும்பவும் கூடும். தையலைச் சுற்றிச் சிவப்பு பரவும், தொட்டால் சுடும், கட்டு நனையும், வாடை அடிக்கும். காலில் அறுவை என்றால் தொடையிடுக்கிலும், கையில் என்றால் அக்குளிலும் நெறி கட்டும். இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்தவருக்குத் திரும்பவும் காய்ச்சல் ஏறினால், தெர்மாமீட்டர் காட்டும் எண் சிறிதாக இருந்தாலும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படுத்தே இருப்பவர்களுக்குக் காலின் ஆழமான நரம்பில் இரத்தம் உறைவதும் இந்தக் காலத்தில் நேரலாம். அப்போது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கும். இலேசான காய்ச்சலும் இருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் திடீரென்று மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும்.

அதற்குப் பிறகு. அறுவை நடந்த 30 நாள்வரை தோன்றும் காயத் தொற்று அறுவையோடு தொடர்புடையது என்றே கருதப்படுகிறது. சிலிக்கான் உள்வைப்பு போன்ற பொருள் உள்ளே வைக்கப்பட்டிருந்தால் சிலவகைத் தொற்றுகளுக்கு இந்தக் காலம் 90 நாள்வரை நீளும். கொழுப்பு உறிஞ்சும் அறுவைக்குப் பிறகு, வாரங்கள் கழித்து, ஆறாத சிறு கட்டிகள் தோன்றிச் சீழ் வடிந்தால், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் காரணமாக இருக்கக்கூடும். வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அவை அடங்குவதில்லை. சீழைப் பரிசோதனைக்கு அனுப்புவது அங்கே மிகவும் அவசியம்.

மருந்தாலும் காய்ச்சல் வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதிதாக ஆன்டிபயாடிக் தொடங்கிய சில நாளில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரையைத் தாமாக மாற்றக் கூடாது.

எந்த அறுவை என்பதும் முக்கியம்

தோல் ஒட்டில், தொடையிலிருந்து சீவி எடுத்த மெல்லிய தோல் முதல் இரண்டு நாள் அடியிலுள்ள நீரை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. அதன்பின் கீழிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் வந்து இணைகின்றன. ஏறக்குறைய ஐந்தாம் நாள்வரை கட்டைப் பிரிக்காமல் விடுவது இதற்காகத்தான். வீட்டில் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் ஒட்டு நகர்ந்துவிடும். அதே சமயம், ஒட்டுக்கடியில் சீழ் சேர்ந்தால் ஒட்டிய தோல் மிதந்து அழிந்துவிடும். காய்ச்சலும் துர்நாற்றமும் சேர்ந்து வந்தால், நாள் ஆகவில்லையே என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போய், அங்கே கட்டைப் பிரிக்கச் செய்ய வேண்டும். தோல் எடுத்த தொடைப் புண் ஆற இரண்டு வாரம் வரை ஆகும். பலருக்கு ஒட்டிய இடத்தைவிட அதுதான் அதிகம் வலிக்கும். அந்த இடத்துக் கட்டில் பச்சை நிறக் கசிவு தெரிந்தால் சூடோமோனாஸ் என்ற கிருமி புகுந்திருக்கலாம்.

சதையும் இரத்தக் குழாயும் சேர்ந்த மடலை நகர்த்தி வைத்திருந்தால், காய்ச்சலைவிட மடலின் நிறம் அவசரமான செய்தி. அது வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ சில்லிட்டாலோ உடனே தெரிவிக்க வேண்டும். பீடி, சிகரெட் இரத்தக் குழாயைச் சுருக்கும். பக்கத்தில் இருப்பவரும் புகைக்கக் கூடாது.

பெரிய தீக்காயம் பட்டவரின் உடம்பு பல வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிகச் சூட்டிலேயே ஓடும். 101 டிகிரி இருப்பதால் மட்டும் அவருக்குத் தொற்று என்று சொல்லிவிட முடியாது. அவரிடத்தில் சாப்பாடு பிடிக்காமல் போவது, வயிறு உப்புவது, பிதற்றுவது, புண்ணின் நிறம் கறுப்பது ஆகியவைதான் எச்சரிக்கை. குழந்தைகளின் கதை வேறு. சுடுகஞ்சியோ டீயோ கொட்டிச் சிறிதளவே வெந்த குழந்தைக்கும், சில நாளில் திடீரென்று 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடம்பில் சிவந்த தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு வரலாம். காயம் பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். கிருமியின் நச்சு இரத்தத்தில் கலப்பதால் நேரும் இந்த அதிர்ச்சி நிலை, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. மூக்கு அறுவைக்குப் பின் பஞ்சு அடைத்திருப்பவர்களுக்கும் அரிதாக இது நேரும்.

உதட்டுப் பிளவு, அன்னப் பிளவு அறுவை முடிந்த குழந்தை வலியால் பால் குடிக்க மறுக்கும். நீர் வற்றினாலும் அதற்குக் காய்ச்சல் வரும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழும்போது கண்ணீர் இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது என்றால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அன்னப் பிளவுக் குழந்தைகளுக்குக் காதில் சீழ் வைப்பதும் சகஜம் என்பதால் காதையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அறுவைக்குச் சம்பந்தமில்லாத காய்ச்சல்

கட்டுப் போட்டவரையும் கொசு கடிக்கும். கொசு கடித்து 4 முதல் 10 நாளில் டெங்குக் காய்ச்சல் தொடங்கும். மருத்துவமனையில் இருந்த வாரம் பட்ட கடி, வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலாக வெளிப்படலாம். கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு மூட்டாக வலி, ஈறில் இரத்தம் என்று வந்தால் டெங்குப் பரிசோதனை வேண்டும். டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். புது ஒட்டுக்கடியில் அந்த நேரத்தில் இரத்தம் கசிந்தால் ஒட்டே போய்விடும்.

இன்னொன்று, ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். புதர்க்காட்டில் ஆடு மேய்ப்பவர்களையும் விறகு வெட்டுபவர்களையும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் பீடி சுட்டதுபோல வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று மறைவான இடங்களில் தேடினால்தான் தெரியும். கடித்து ஏறக்குறைய பத்து நாளில் காய்ச்சல் தொடங்குவதால், அறுவைக்கு முன் பட்ட கடி அறுவைக்குப் பின் காய்ச்சலாகலாம். டாக்சிசைக்ளின் என்ற எளிய மருந்துக்கு இது அடங்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். காயம் சுத்தமாக இருந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால் டெங்கு, உண்ணிக் காய்ச்சல், டைபாய்டு, மலேரியா நான்கையும் நினைக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் ஒன்றே போதும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. குழந்தைகளுக்கு எடைக் கணக்கில் மருத்துவர் எழுதிய அளவு. எந்தக் காரணத்தாலும் பெரியவருக்கு நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. மது அருந்துபவர், மெலிந்தவர், கல்லீரல் நோய் உள்ளவருக்கு அளவு இன்னும் குறைவு. மருத்துவமனையில் கொடுத்த வலி மாத்திரையிலேயே பாரசிட்டமால் கலந்திருப்பது உண்டு. அட்டையைப் படிக்காமல் இன்னொன்று போட்டால் அளவு இரட்டிப்பாகிக் கல்லீரல் கெடும். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் ஊசி ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டலாம். டெங்குவாக இருந்தால் ஆபத்து. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் இரண்டு நாள் ஆன்டிபயாடிக் தொற்றை அரைகுறையாக அமுக்கி, உண்மையான காரணத்தை மறைத்துவிடும்.

மாத்திரை போட்டதும் எண் இறங்குவதை நோய் இறங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த மாத்திரைக்கு முன் அளந்தால்தான் உண்மை தெரியும்.

கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவு. சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைக்கலாம். ஐஸ் தண்ணீர் நடுக்கத்தைத்தான் கூட்டும். கம்பளியால் போர்த்தி மூடவும் கூடாது. கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் முட்டையும் மீனும் பருப்பும் சீழ் வைக்கும் என்று நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. புதுத் தோல் வளரத் தேவையானது அதே புரதம்தான். ரசம் சோறோடு நோயாளியை மெலியவிட்டால் புண் ஆறுவது தள்ளிப்போகும், கிருமிக்கும் வழி திறக்கும். முட்டை, மீன், பருப்பு, கடலை, தயிர், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் எல்லாம் காயத்துக்கு நல்லவை. மஞ்சள், சுண்ணாம்பு, சாம்பல், காப்பித்தூள் ஆகியவை காயத்தின் பக்கமே வரக் கூடாது. தையலைச் சுற்றிய சிவப்பு பரவுகிறதா என்று தெரிய, அதன் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் போதும். சிவப்பு கோட்டைத் தாண்டினால் அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் பகல், இரவு பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

- 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அல்லது உடம்பைத் தூக்கிப் போடும் குளிர் நடுக்கம்
- 100.4 டிகிரிக்கு மேல் 48 மணி நேரத்துக்கும் அதிகமாக நீடிப்பது, அல்லது விட்ட காய்ச்சல் திரும்ப வருவது
- காயத்தில் சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, தையல் பிரிதல், தாங்க முடியாத வலி
- மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குதல்
- பிதற்றல், மயக்கம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் வெகுவாகக் குறைதல்
- குழந்தைக்கு வலிப்பு, உடம்பில் தடிப்பு, பால் குடிக்காமை

கொடும்பாளூர்க்காரர்களுக்கு விராலிமலை அரசு மருத்துவமனை அருகில் இருக்கிறது. நோயாளியின் நிலையைப் பொறுத்துப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104. டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரை அட்டைகள், காய்ச்சல் எழுதிய நோட்டு மூன்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அறுவை செய்த பிரிவுக்கும் போனில் தகவல் சொல்ல வேண்டும். உள்ளே என்ன வைத்துத் தைத்தார்கள், எங்கே ஒட்டினார்கள் என்பது அவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும்.

காய்ச்சலே வராத தொற்று

முதியவர்கள், கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், பச்சிளங் குழந்தைகள் ஆகியோரின் உடம்பு தொற்று வந்தாலும் சூடேறாமல் இருக்கலாம். சில வேளை வெப்பம் 96.8 டிகிரிக்குக் கீழே இறங்கவும் செய்யும். அது காய்ச்சலைவிட மோசமான அறிகுறி. இவர்களிடத்தில் சோர்வு, சாப்பாடு வேண்டாமை, குழப்பம், வேகமான மூச்சு, காரணமில்லாமல் ஏறும் இரத்தச் சர்க்கரை ஆகியவை காய்ச்சலின் இடத்தில் நிற்கும். தெர்மாமீட்டர் 98 காட்டினாலும், ஆள் நேற்றுபோல் இல்லை என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றினால் அவரை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.